மாமா சொல்லச் சொல்ல எழுதிய நோட்டு

போன ஞாயிற்றுக்கிழமை நம் வாசிப்பு வட்டத்தில் நான் ஏன் வாயே திறக்கவில்லை என்று உங்களில் மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டுவிட்டீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. பேசவிட்டால் நிறுத்தாதவள் என்று எனக்கு இருக்கிற பெயர் எனக்கும் தெரியும். அன்றைக்கு முடியவில்லை, அவ்வளவுதான். பேச முடியாததை எழுதித் தந்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அன்று நாம் எடுத்துக்கொண்டது, போர்முனையில் இருந்த சிப்பாய்கள் தாங்களே எழுதிய குறிப்புகள். ஆளுக்கு ஒன்று படித்துவிட்டு வரவேண்டும் என்று ஏற்பாடு. எனக்கு வந்தது பனிமலையில் காவல் இருந்த ஒரு பையனுடையது. சண்டையைப் பற்றி மொத்தம் நாலு வரி. மற்றப் பக்கமெல்லாம் ஸ்டவ் பற்றவில்லை, ஸ்டவ் பற்றவில்லை என்றே எழுதியிருந்தான். கீழே தண்ணீர் லாரி வந்து மோட்டார் போட்டுவிட்டதால் பாதிப் பேச்சு யாருக்கும் கேட்கவில்லை. ஆனாலும் பேங்க்கில் ஓய்வு பெற்ற நம் சார் சொன்னது எனக்குக் கேட்டது. அனுபவம் பெரிசுதான், ஆனால் எழுதத் தெரியவில்லை, விஷயம் தெரிந்தவர் யாராவது கொஞ்சம் திருத்திக் கொடுத்திருக்கலாம் என்றார். நீங்கள் எல்லோரும் தலையாட்டினீர்கள். நான் குறையாகச் சொல்லவில்லை. பதினோரு வயதில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எழுபத்தொன்றாம் வருஷம் டிசம்பரில் பாகிஸ்தானோடு நடந்த யுத்தம் நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். ஜன்னல் கண்ணாடிக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டினோம். லாரி விளக்குகளில் பாதிக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். நாங்கள் அப்போது பல்லாவரத்தில், ரயில் பாதைக்குக் கிழக்கே ஒரு சந்தில் குடியிருந்தோம். என் அப்பா, எங்கள் வழக்கத்தில் அத்தா, தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர். அம்மாவின் தம்பி, என் மாமா, கிழக்கு எல்லையில் சிப்பாயாக இருந்தார்.

யுத்தம் முடிந்து நாலு மாதம் கழித்து, ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார் மாமா. வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் இல்லை. மிச்ச மூன்றும் மடங்கவில்லை. கறுப்புத் தகரப் பெட்டி ஒன்று, பச்சைக் கொசுவலை ஒன்று, விளிம்பு உதிர்ந்த எனாமல் மக் ஒன்று. அந்த மக்கில்தான் தேநீர் குடிப்பார், இடது கையால், கைப்பிடியைத் தொடாமல் அப்படியே அணைத்துப் பிடித்துக்கொண்டு. சூடு தெரியாதா மாமா என்று கேட்டதற்கு, தெரியத்தான் அப்படிப் பிடிக்கிறேன் என்றார்.

தெருவில் எல்லோருக்கும் துப்பாக்கிக் கதை வேண்டியிருந்தது. மாமா சொல்லவில்லை. பட்டாளத்துக்குப் போவதற்கு முன்னால் அவர் தோல் ஷெட்டில் வேலை செய்தவர். பழைய கூட்டாளிகள் ஷெட்டுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். ஈரத் தோலும் சுண்ணாம்பும் சேர்ந்து அடிக்கும் அந்த நாற்றம் எங்கள் எல்லோருக்கும் மூக்கில் பழகிப்போனது. மாமாவுக்குத்தான் பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஷெட் இருக்கும் தெருவைச் சுற்றிக்கொண்டு அரை மைல் அதிகம் நடந்து போவார். மிலிட்டரிக்குப் போய் வந்ததும் துரைக்குத் தோல் நாறுது என்று கூட்டாளிகள் பேசிக்கொண்டார்கள். அம்மாகூட அதை நம்பினாள். ஒரு நாள் கடைக்குப் போகும்போது நான் தெரியாமல் அந்தத் தெரு வழியே அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டேன். பாதி வழியில் என் கையை விட்டுவிட்டு சுவரோரம் குனிந்து வாந்தி எடுத்தார். வீட்டில் சொல்லாதே என்றார். சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது படுகிறது.

அந்த வருஷம் சுதந்திரத்துக்கு வெள்ளி விழா. அத்தாவின் பள்ளிக்கூடத்தில் பெரிதாகக் கொண்டாட முடிவு செய்து, விழா மலர் ஒன்று போடுவதாக இருந்தார்கள். போருக்குப் போய் வந்தவர் கட்டுரை ஒன்று இருந்தால் எடுப்பாக இருக்கும், உங்கள் மைத்துனர் இருக்கிறாரே என்று தலைமையாசிரியர் அத்தாவிடம் கேட்டிருக்கிறார். அத்தாவுக்கு முகம் கொள்ளாத சந்தோஷம். மாமா முதலில் முடியாது என்றார். ஐந்தாவதோடு நின்றவன் நான், கையும் இப்படி, என்னத்தை எழுத என்றார். இரண்டு நாள் கழித்து, யாரும் மறுபடி கேட்காமலே, பாப்பா எழுதினால் சொல்கிறேன் என்றார். என் கையெழுத்துக்கு அப்போது வகுப்பில் பரிசு உண்டு. பெருமையில் எனக்குத் தலை கால் புரியவில்லை.

வெள்ளிக்கிழமைச் சந்தையில் மாமாவே நோட்டு வாங்கி வந்தார். நீல அட்டை, கோடு போட்ட தாள், மூலையில் எண்ணெய்க் கறை. அதனால்தான் பாதி விலைக்குக் கொடுத்தானாம். மே மாத லீவு. மத்தியானம் சாப்பிட்டதும் பின் அறையில் உட்காருவோம். சிமெண்ட் தரை சில்லென்று இருக்கும். அரை மணிக்கு ஒரு தரம் மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானம் ஓட்டுக்கு மேலே போகும். அது போகிறவரை மாமா நிறுத்திக்கொள்வார், பயந்து அல்ல, எனக்குக் காது கேட்க வேண்டுமே என்று.

முதல் நாளே ஒரு நிபந்தனை வைத்தார்.

"நான் இன்னா சொல்றனோ அத்த அப்படியே எழுது பாப்பா. நல்லா இருக்கணும்னு ஒண்ணும் சேக்காத."

அவர் சொன்னதெல்லாம் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. சேறு. முழங்கால் வரை சேறு. பூட்ஸைக் கழற்றினால் தோலும் கூட வரும் என்று கழற்றாமலே பதினோரு நாள் இருந்தது. கூட இருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் ஊரிலிருந்து வந்த நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலை உடையாமல் எல்லா இடத்துக்கும் தூக்கி வந்தது. கடைசியில் அவர் பிழைத்துக்கொண்டார், பாட்டில் உடைந்துவிட்டது. கேட்பாரில்லாமல் திரிந்த ஒரு பசு, பால் கட்டி மடி வீங்கிக் கத்திக்கொண்டே இவர்கள் பின்னாலேயே வந்தது. ஒருத்தர் கறந்து தரையில் விட்டார், அதன் வலி தாங்காமல். சண்டை எப்போது வரும் மாமா என்று நான் கேட்டேன். இதுதான் பாப்பா சண்டை, எழுது என்றார்.

பயந்தேன் என்று எழுதச் சொன்னார். ஒரே பக்கத்தில் நாலு தடவை அந்த வார்த்தை வந்தது. நான் ஒன்றை விட்டுவிட்டேன். படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டவர், ஒண்ணு குறையுது என்றார்.

அப்புறம் ஒரு நாள், விமானம் எதுவும் போகாதபோதே ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். அம்மா வாசற்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். மாமா சொல்ல ஆரம்பித்தார்.

ஒரு கால்வாய், அதற்கு அந்தாண்டை மூங்கில் தோப்பு. விடிந்து வெளிச்சம் வந்ததும் பார்த்தால், தோப்போரம் எதிர்ப்பக்கத்துச் சிப்பாய் ஒருவன் மூங்கில் புதரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். மாமாவின் வயதுதான் இருக்கும். வயிற்றில் குண்டு. துப்பாக்கி எட்டி விழுந்து கிடக்கிறது. மாமாவைப் பார்த்துக் கையைத் தூக்கவில்லை, கெஞ்சவில்லை, தண்ணீர் கேட்டான். பல்லாவரம் கடைத்தெருவில் கற்ற உருது மாமாவுக்குக் கொஞ்சம் தெரியும்.

"வவுத்துல பட்டவனுக்குத் தண்ணி குடுக்கக் கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்கோ. நான் குடுத்தேன். அது சரியா தப்பான்னு எனக்குத் தெரியல. அப்படியே எழுதிக்க, தெரியலன்னு."

எழுதினேன்.

தண்ணீர் குடித்ததும் அவன் தன் பெயரைச் சொன்னான், ஊர்ப் பெயரைச் சொன்னான். மாமா இரண்டையும் எனக்கு எழுத்துக் கூட்டிச் சொன்னார். ஊர்ப் பெயர் 'வால்' என்று முடிந்தது. தமிழாசிரியர் மகள் அல்லவா, எந்த லகரம் மாமா, குரங்கு வாலா, வெட்டுகிற வாளா என்று கேட்டேன். மாமா சிரித்துவிட்டார். அந்த லீவில் அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். குரங்கு வாலே போடு என்றார். எழுதியதைப் படித்துக் காட்டினேன். அப்புறம் என்னமோ நினைத்துக்கொண்டவர்போல, பெயரை மட்டும் இன்னொரு முறை படித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். சரி என்றார்.

அந்தச் சிப்பாய்க்கு உதடு அசைந்துகொண்டே இருந்திருக்கிறது. குனிந்து காது கொடுத்துக் கேட்டால், சாகும் நேரத்தில் நாங்கள் சொல்கிற கலிமா. பாதிக்கு மேல் அவனுக்கு வரவில்லை.

"அவன் பாதி சொன்னான். மீதிய நான் கூடச் சொன்னேன். ரெண்டாந் தரம் சொல்றப்போ நான் மட்டும்தான் சொல்லிகினு இருந்தேன்."

நான் நிமிர்ந்து பார்த்தபோது வாசற்படியில் அம்மா இல்லை. பூண்டுத் தோல் மட்டும் கிடந்தது.

நோட்டு முடிந்ததும் அத்தாவிடம் கொடுத்தேன். அத்தா நல்லவர். இதை நீங்கள் மறந்துவிடக் கூடாது. மாணவர்கள் எழுதிய குப்பையைக்கூட முழுசாகப் படித்துவிட்டுத்தான் சிவப்பு மையைத் தொடுவார். சாய்வு நாற்காலியில் ஒரே மூச்சில் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு சிவப்பு மைப் பேனாவை எடுத்தார். ஊறுகாய் போயிற்று. பசு போயிற்று. 'பயந்தேன்' என்பது நாலு இடத்திலும் நாலு விதமான வீரமாக மாறிற்று. மூங்கில் தோப்புக்கு வந்ததும் திருத்தவில்லை. அந்தப் பக்கம் முழுக்கக் குறுக்கே ஒரே கோடு.

சமையலறையில் அம்மாவும் அத்தாவும் தாழ்ந்த குரலில் பேசியதை நான் கூடத்தில் இருந்து கேட்டேன்.

"அவன் செஞ்சது நல்ல காரியம்தானேங்க."

"நல்ல காரியம்தான். அதையே நாம செஞ்சதா எழுதினா வேற மாதிரி படிப்பாங்க. நூறு பேர்ல ரெண்டு பேர் போதும்."

அத்தா சொன்னது அன்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அதற்கு முன்பே, யுத்தம் நடந்த அந்த டிசம்பரில், தாம்பரம் பிளாட்பாரத்தில் நான் அத்தாவோடு நின்றிருந்தேன். கூட வேலை பார்க்கிற ஒருவர் எல்லோருக்கும் முன்னால் விளையாட்டாகக் கேட்டார், சார் நீங்க எந்தப் பக்கம் என்று. நான் தமிழ்ப் பக்கம் என்று அத்தா உடனே சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். கேட்டவரும்தான் சிரித்தார், கெட்ட எண்ணம் ஒன்றும் இருந்திருக்காது. ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகு அத்தா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் ஒன்று உடைந்துவிட்டது. அவருக்கே தெரியவில்லை. என் மனைவியின் தம்பி இந்த நேரத்தில் எல்லையில் நிற்கிறான் என்று அவர் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். ஏன் சொல்ல வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

திருத்தியதை நல்ல தாளில் நான்தான் படியெடுத்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அதுதான் பிடித்திருந்தது. இப்போதுதான் கட்டுரை மாதிரி இருக்கிறது என்று நினைத்தேன். எம் வீரர் இடியென முழங்கிப் பாய்ந்தனர் என்றெல்லாம் வரும். வேறு நகல் இருக்கிறதா என்று அத்தா கேட்டார். இல்லை என்றேன். நீல நோட்டை அவர் பின்கட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். அன்று குளிக்க வெந்நீர் வைத்த அடுப்பில் அது எரிந்தது. அட்டை கடைசியாகப் பற்றியது. இந்த வீட்டில் அது இருக்க வேண்டாம் என்று மட்டும் அத்தா சொன்னார். அம்மா வெந்நீரை இறக்கினாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மாமா அப்போது கைக்குச் சிகிச்சை என்று மிலிட்டரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சில வாரம் தங்கியிருந்தார்.

சுதந்திர தினத்தன்று பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். முதல் நாள் மழை பெய்து தரை நசநசவென்று இருந்தது. மாமா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் மேடையில் உட்கார்ந்திருந்தார், வலது கையை மடியில் துண்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு. மலரில் வந்த கட்டுரையை யார் படிப்பது என்று பேச்சு வந்தபோது, எழுதின பிள்ளையே படிக்கட்டுமே என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். மைக் எனக்கு எட்டவில்லை. பெஞ்சு போட்டு ஏற்றிவிட்டார்கள். நன்றாகப் படித்தேன். எங்கே குரலை ஏற்ற வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று அத்தா சொல்லிக்கொடுத்தது ஒன்றும் தப்பவில்லை. கைதட்டினார்கள். நடுவில் ஒரே ஒரு தரம் மாமா பக்கம் திரும்பினேன். அறிவிப்புப் பலகையில் தன் பெயர் இருக்கிறதா என்று தேடுகிறவர் எப்படி முகத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டு பார்ப்பாரோ, அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தார். கட்டுரை முடியப்போகிறது என்று தெரிந்த இடத்தில் நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்துகொண்டார்.

சால்வை போட்டார்கள். நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். பாப்பா நல்லா படிச்சிது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அடக்கமான மனிதர் என்று தலைமையாசிரியர் மைக்கில் பாராட்டினார்.

திரும்பும்போது ரயிலில் கூட்டமில்லை. எதிரெதிராக உட்கார்ந்திருந்தோம். சால்வையை மாமா நாலாக மடித்து என்னிடம் கொடுத்திருந்தார். சானடோரியம் தாண்டியதும் கேட்டார்.

"மச்சான், அந்த ஆள எங்க விட்டீங்க?"

"எந்த ஆள்?"

"தண்ணி கேட்டானே."

அத்தா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். குரோம்பேட்டையில் வண்டி நின்று, ஆள் ஏறி இறங்கி, மறுபடி கிளம்பியது.

"உன் நல்லதுக்குத்தான் தம்பி," என்றார் அத்தா. அவர் குரல் அப்படித் தணிந்து நான் கேட்டதில்லை.

"நோட்டு கீதா?"

"இல்லை."

மாமா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் மறந்திருப்பேன். சும்மாதான் பார்த்தார். நான் சால்வையின் சரிகையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் சண்டை ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து அம்பத்தூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலை கிடைத்து மாமா போய்விட்டார். கல்யாணம் ஆயிற்று, இரண்டு பெண்கள் பிறந்தார்கள். பெருநாளுக்குத் தவறாமல் வருவார். அத்தாவும் அவரும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள், தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றியும் பெண்களின் படிப்பைப் பற்றியும் பேசுவார்கள். ஆனால் மாமா அந்த வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்கவில்லை. வாட்ச்மேன் உத்தியோகம், லீவு கிடையாது என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அத்தா இறந்த பிறகு அவர் பெட்டிகளை நான்தான் பிரித்தேன். மலரில் ஐந்து பிரதி இருந்தது. எரித்தது வேறு எதையோ, அந்த நோட்டை எங்கேயோ ஒளித்துத்தான் வைத்திருப்பார் என்று ஒரு ஆசை. என் கண்ணாலேயே எரிந்ததைப் பார்த்திருந்தும் ஒவ்வொரு பெட்டியாகத் தேடினேன்.

அதற்கு அடுத்த மாதம் மாமாவைப் பார்க்கப் போனேன். தாம்பரத்துக்கு மேற்கே மூத்த பெண் வீட்டில் இருந்தார். எழுபதை நெருங்கிவிட்டது, காது மந்தம், மற்றபடி தெளிவு. நாற்பது வருஷமாகச் சொல்லாததைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் வரவில்லை. நான் வேறொன்றைச் சொன்னேன். மாமா, இப்பவாவது அதைத் திரும்ப எழுதிடலாம், நான் எழுதுறேன், நீங்க சொல்லுங்க என்றேன். பையில் பேனாவும் புது நோட்டும் இருந்தன. அவரும் சரி என்றார். சேறு வந்தது, பசு வந்தது, கால்வாய் வந்தது. மூங்கில் தோப்புக்கு வந்ததும், அந்த ஆள் பேர் என்ன மாமா என்று கேட்டேன்.

அவர் சற்று நேரம் என் வாயையே பார்த்தார். காது கேட்கவில்லையோ என்று மறுபடி கேட்டேன்.

"நீதான பாப்பா எழுதின," என்றார்.

எனக்கு நினைவில்லை மாமா என்றேன்.

"அஞ்சு மாசம் அந்தப் பேர வாயிலயே வெச்சிகினு இருந்தேன். ஆஸ்பத்திரில காலைல எழுந்தா அதான் மொதல்ல. பேரு, ஊரு, பேரு, ஊரு. கை சரியானதும் அவங்க வூட்டுக்கு ஒரு லெட்டர் போடணும்னு. அதுக்குத்தான் உன்ன எழுதவே சொன்னேன், புஸ்தகத்துல வரணும்னு இல்ல." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினார். "நீ ரெண்டு தரம் படிச்சுக் காட்டினியா, அன்னிக்குத்தான் வுட்டேன். இனிமே நோட்டுல கீதுன்னு. ரயில்ல மச்சான் இல்லன்னு சொன்னப்போ தேடிப் பாத்தேன். வரல. அப்புறம் வரவே இல்ல."

நோட்டை மூடினேன். அவர் மகள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். இருவரும் குடித்தோம். மாமா அதற்குப் பிறகு மூன்று வருஷம் இருந்தார். அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

அந்தப் பெயரை நான் இரண்டு முறை வாய்விட்டுப் படித்திருக்கிறேன். என் கையெழுத்தில், பரிசு வாங்கின கையெழுத்தில், எழுதியிருக்கிறேன். எனக்கு நினைவிருப்பது நான் கேட்ட அசட்டுக் கேள்வி மட்டும். சில நாள் மத்தியானத்தில் போனில் வரைபடத்தைப் பெரிதாக்கி மேற்கு எல்லைக்கு அந்தப் பக்கம், பாகிஸ்தானில், ஊர் ஊராகத் தேடுவேன். வால் என்று முடிகிற ஊர் ஒன்றா இரண்டா. எங்கே பார்த்தாலும் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் வீடுகள், கிணறு, பள்ளிவாசல். அதில் ஏதோ ஒரு வீட்டில், தங்கள் பிள்ளை தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போனான், கடைசியில் பக்கத்தில் ஒருவன் உட்கார்ந்திருந்தான் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.